அப்பா தட்டோரம் ஒதுக்கிய கோதுமை

ஒரே பாத்திரத்தில் சமைத்தால் ஒரே பாத்திரத்தைத்தான் கழுவ வேண்டும். இந்தச் சமையலுக்குள் நான் வந்ததற்கு இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என் பொறுப்பு. பாத்திரம் கழுவுவதும் என் பொறுப்பு. தீட்டிய தானியத்தைக் குறைத்து முழுத்தானியம் சேர்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் மருத்துவர் சொல்லியிருந்தார். மகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது கோழி வேண்டும். முழுக் கோதுமையையும் கோழியையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் வைத்துவிட்டால் எல்லோருடைய தேவையும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. தட்டில் வைத்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. எலும்பில்லாத நெஞ்சுக்கறியைத்தான் வாங்கியிருந்தேன். அது பஞ்சு போல உதிர்ந்து, மெல்ல மெல்ல வாயில் பெருகிக்கொண்டே போனது. கோதுமையோ வேகவே இல்லை. அப்பாவுக்குப் பல்செட். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கால் ஒவ்வொரு மணியாகத் தேடி எடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். பதினைந்து இருபது மணிகள் சேர்ந்ததும், “இது நாளைக்கு வெந்துவிடும், இல்லையாப்பா?” என்று கேட்டார். கேலியா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரே சட்டியில் இருந்தாலும் கோழிக்கு ஒரு கடிகாரம், கோதுமைக்கு வேறொரு கடிகாரம். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தேன்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரம் பிரஷர் குக்கரை எடுத்தேன். கோதுமை வேகவில்லை என்றால் வேகவைத்துக் காட்டுகிறேன் என்ற வீம்பு. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். தானியத்துக்கு அது வசதிதான். ஆனால் கோழி அந்த அடியைத் தாங்காது. கறி எலும்பை விட்டுக் கழன்று நார் நாராகிவிட்டது. சின்ன எலும்புத் துண்டுகள் தானியத்துக்குள் ஒளிந்துகொண்டன. கோதுமை வெடித்துக் கூழாகியிருந்தது. மகள் கரண்டியை நடுவில் நட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். கரண்டி விழவில்லை. “அப்பா, கொடி ஏற்றலாமா?” என்றாள். குக்கரைக் குறை சொல்ல மாட்டேன். தானியத்தை மட்டும் தனியாக வேகவைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் கழுவ இரண்டு பாத்திரம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கறி. மூடிப் புழுங்க வைக்கும் சமையலுக்கு நெஞ்சுக்கறி ஒத்துவராது. அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு; உள்ளே 70 டிகிரியைத் தாண்டினாலே வறளத் தொடங்கும். தொடையும் காலும் நேரெதிர். பறவை நடமாடும் தசைகள் என்பதால் இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்கிற புரதம் அவற்றில் அதிகம். மெதுவான சூட்டில் நேரம் செல்லச் செல்ல அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. கறி வழுவழுப்பாவதும் சாறு உதட்டில் லேசாக ஒட்டுவதும் அதனால்தான். எந்தக் கோழிக்கறியும் உள்ளே 74 டிகிரி சூடேறினால் சாப்பிடப் பாதுகாப்பானது. ஆனால் தொடையை அந்தப் புள்ளியில் இறக்கினால் ரப்பர் போல இழுக்கும், எலும்போரம் சிவப்பாகவே இருக்கும். 85, 90 டிகிரி வரை விட்டால்தான் இளகும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கிக் குத்திப் பார்த்த பிறகே இதை நான் நம்பினேன். தானியத்தின் நீண்ட நேரத்தோடு ஒத்துப்போகிற கறி தொடைதான் என்று அப்போது புரிந்தது. நெஞ்சுக்கறி பிடித்தவர்கள் வேறு சமையல் பார்த்துக்கொள்ளலாம்.

எலும்போடும் தோலோடும் வாங்க வேண்டும். தோல் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். தோலிலிருந்து இறங்கும் கொழுப்பில்தான் வெங்காயமும் தானியமும் வதங்குகின்றன. தனியாக எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். சாப்பிடும்போது தோல் வேண்டாதவர்கள் உரித்து வைத்துவிடலாம்.

இன்னொரு வாக்குவாதம் கழுவுவது பற்றி. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாமல் சமைப்பது என் மனைவிக்கு ஏற்கவே முடியாத காரியம். சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் கழுவிப் போவதில்லை, தெறிக்கும் நீரோடு தொட்டியிலும் மேடையிலும் காய்கறியிலும் படுகின்றன, அவற்றைக் கொல்வது சூடுதான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் முகம் மாறாது. கடைசியில் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றித் துடைப்பது என்று சமரசமானோம். அவளுக்குச் சுத்தம் செய்த திருப்தி. எனக்கோ ஈரமில்லாத தோல் கிடைத்தது. இந்தச் சமையலில் அதற்கு இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஏனென்றால் மொத்த ருசியும் முதல் பத்து நிமிடத்தில்தான் பிறக்கிறது. கறி பொன்னிறமாகச் சிவப்பதற்குப் பின்னால் இருக்கும் வேதிவினையை 1912இல் விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர். அவர் பெயராலேயே மயார் வினை என்கிறார்கள். அது விறுவிறுப்பாக நடக்க மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தோலில் ஈரம் இருக்கும்வரை சூடு அதற்கு மேல் ஏறாது. ஈரக் கோழி வேகும், சிவக்காது.

மூன்றாவது முயற்சியில் இதைத் தெரிந்துகொண்டேதான் தவறு செய்தேன். துடைத்தேன், ஆனால் அவசரத்தில் எட்டுத் துண்டுகளையும் ஒரே தடவையில் சட்டியில் திணித்தேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் நீர் விட்டு, தம் சொந்த நீரிலேயே வெந்து, சாம்பல் நிறமாகிவிட்டன. இப்போது நான்கு நான்காகப் போடுகிறேன், துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு. தோல் பக்கம் கீழே. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் கடினம். தோல் முதலில் சட்டியைப் பிடித்துக்கொள்ளும். இடுக்கியால் இழுத்தால் கிழியும். ஆறு ஏழு நிமிடத்தில் சடசடப்பு கொஞ்சம் அடங்கும். அப்போது ஒரு முனையைத் தூக்கினால் தானாகவே விட்டுக்கொடுக்கும். வராவிட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். மறுபக்கம் இரண்டு நிமிடம் போதும்.

“சிவக்க வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்” என்று நானும் பல வருடம் சொல்லித் திரிந்தவன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபோன் லீபிக் பரப்பிய கருத்து அது, உண்மையில்லை. சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சிவந்த துண்டுகளை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கி முடியுங்கள். திரும்பிப் பார்த்தால் தட்டில் சாறு குளமாகக் கட்டியிருக்கும். எதுவும் பூட்டப்படவில்லை. நாம் வறுப்பது சுவைக்காக மட்டும். அந்தத் தட்டுச் சாற்றைக் கொட்டிவிடாமல் சட்டிக்குள்ளேயே திருப்பி ஊற்றுங்கள்.

கோழியை எடுத்த பிறகு சட்டியின் அடியில் ஒரு காந்தல் படலம் ஒட்டியிருக்கும். பழுப்பு நிறமாக இருந்தால் அது பொக்கிஷம். கறுத்திருந்தால் கசப்பு, துடைத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். ஒருமுறை அந்தக் கறுப்பைச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். மூன்று கப் தண்ணீர் ஊற்றியும் கசப்பு போகவில்லை. கொழுப்பு நிறைய இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டு மீதியை வடித்துவிட்டு, நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தை உப்போடு போட வேண்டும். வெங்காயம் விடும் நீரே படலத்தை இளக்கத் தொடங்கும். மரக்கரண்டியின் தட்டையான விளிம்பால் சுரண்டிக்கொண்டே வந்தால் வெங்காயம் தேன் நிறத்துக்கு மாறும். எட்டுப் பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் தட்டிய மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை, தடிமனாக வெட்டிய இரண்டு கேரட். மசாலாவில் எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை; எதைப் போட்டாலும் இந்த நேரத்தில், இந்தக் கொழுப்பில் போட வேண்டும் என்பதில் மட்டும் உண்டு.

இப்போது தானியம். என் அடி உதைகளில் பாதி இங்கேதான் விழுந்தன.

முழுத்தானியம் என்றால் தவிடும் கருவும் உள்மாவும் மூன்றும் சேர்ந்தது. தவிடுதான் நார்ச்சத்து, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் சுவரும் அதுதான். அதனால்தான் முழுக் கோதுமையை ஊறவைக்காமல் போட்டால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கேட்கிறது. நான் கொடுத்தது நாற்பது நிமிடம்! இரவோ காலையோ எட்டு மணி நேரம் ஊறவைத்தால் ஐம்பது நிமிடத்தில் வெந்துவிடுகிறது. கடித்தால் நறுக்கென்று இல்லாமல் இதமாக உடைய வேண்டும், அதுதான் பதம்.

பல மாதங்களாக நான் பார்லியில் நிற்கிறேன். அதில் பீட்டா-குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து உண்டு. சாற்றுக்கு மாவு கரைத்து ஊற்றாமலே குழம்புப் பதம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பார்லியில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளையாக உருண்டையாகக் கிடைப்பது தீட்டிய பார்லி. தவிடு போய்விட்டது, கணக்குப்படி அது முழுத்தானியம் இல்லை. அரை மணி நேரத்தில் வெந்துவிடும். மேலுமி மட்டும் நீக்கிய, பழுப்பான பார்லிதான் முழுத்தானியம். ஊறவைத்தால் நாற்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம். பொட்டலத்தில் ‘பார்லி’ என்று மட்டும் போட்டிருந்தால் நிறத்தைப் பாருங்கள். வாங்கியதும் ஒருமுறை முகர்ந்தும் பாருங்கள். கருவில் எண்ணெய் இருப்பதால் முழுத்தானியம் பழசானால் சிக்கெடுத்துவிடும். கொஞ்சமாக வாங்கி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வைப்பது நல்லது.

நான்கு பேருக்கு என் அளவு இது: ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான தொடையும் காலும், ஒன்றரை கப் பழுப்பு பார்லி, அதாவது ஏறத்தாழ 280 கிராம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பார்லியைக் கழுவி ஊறப் போட்டுவிடுவேன். அப்போதே கோழியிலும் உப்பைத் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன், கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு. மாலைக்குள் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், தோலும் உலர்ந்திருக்கும். காலையில் ஐந்து நிமிடம் செலவழித்தால் மாலையில் அரை மணி நேரம் மிஞ்சுகிறது.

ஊறிய பார்லியை வடித்து, வதங்கிய வெங்காயத்தோடு இரண்டு நிமிடம் பிரட்டி, மூன்று கப் சுடுநீர் ஊற்றுகிறேன். பார்லி ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்பது பொதுக் கணக்கு; அதை அப்படியே நம்பி நாலரை கப் ஊற்றிய நாளில் எங்களுக்குக் கிடைத்தது சூப். ஊறும்போதே தானியம் கொஞ்சம் குடித்துவிட்டது, கோழியும் அரை கப்புக்குக் குறையாமல் நீர் விடும். இந்த இரண்டையும் நான் கழித்துப் பார்க்கவில்லை. குறைவாக ஊற்றிவிட்டால் பக்கத்தில் சுடுநீர் வைத்துக்கொண்டு சேர்க்கலாம். கூடிவிட்டால் எடுக்க வழியில்லை. தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். லேசாக உப்புக் கரிக்க வேண்டும். கோழியில் உப்பு இருக்கிறதே என்று விட்டால் பார்லி சப்பென்று போய்விடும்.

கோழி இன்னும் தட்டில்தான் இருக்கிறது. மூடி போட்டு, பார்லி மட்டும் பதினைந்து நிமிடம் தனியாகக் கொதிக்கிறது. பிறகுதான் கோழித் துண்டுகளை மேலே அடுக்குகிறேன், தோல் பக்கம் மேல்நோக்கி, தோல் மட்டும் நீருக்கு வெளியே தலைகாட்டும்படி. சிரமப்பட்டுச் சிவக்க வைத்த தோலை நீருக்குள் அமுக்கினால் பட்ட பாடு வீண். அங்கிருந்து முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். பார்லியின் ஐம்பதும் கோழியின் நாற்பதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. முழுக் கோதுமையைப் பார்லியைவிட ஐந்து நிமிடம் முன்பே தனியாக ஓடவிட வேண்டும். பழுப்பு அரிசிக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம்தான், ஊறவைக்காமலே. அதோடு கோழியை உடனே போட்டுவிடலாம், தண்ணீர் மட்டும் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக. எந்தத் தானியமாக இருந்தாலும் அதன் நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து நாற்பதைக் கழித்தால் கோழி எப்போது உள்ளே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தக்காளி விஷயத்தில் ஒரு மாலை முழுக்க இழந்தேன். நிறம் நன்றாக இருக்குமே என்று நான்கு தக்காளியை அரைத்துத் தானியத்தோடு ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, பார்லி அசையவில்லை. புளிப்பு தானியத்தின் செல் சுவர் இளகுவதைத் தாமதப்படுத்துகிறது. அன்று இரவு மகள் ரொட்டி தின்றுவிட்டுத் தூங்கினாள். பத்தரை மணிக்கு நானும் அப்பாவும் பேசாமல் சாப்பிட்டோம். இப்போது தக்காளி போட்டாலும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிகிறேன்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்து, கொஞ்சம் யோசித்து, இன்னொன்று வர வேண்டும். கொதி மிஞ்சினால் கறியின் நார் இறுகி, சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். என் அடுப்பின் சிறு தீயே பெருந்தீ. அதனால் சட்டிக்கு அடியில் ஒரு தடித்த இரும்புத் தட்டை வைக்கிறேன். அடிகனமான சட்டியாக இருந்தாலும் தானியம் கீழே இறங்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். பிடித்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி கிளறினால் மாவுச்சத்து வெளியேறி இன்னும் வேகமாகப் பிடிக்கும். பாதியில் ஒரே ஒரு முறை, கரண்டியை அடியோடு சேர்த்து ஒரு சுற்று. அவ்வளவுதான். ஓவன் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: மூடிய சட்டியை 160 டிகிரியில் உள்ளே தள்ளிவிட்டால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகச் சூழும், அடிப்பிடிக்கும் பயம் பெரும்பாலும் போய்விடும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆசையும் குறையும்.

கடைசி ஐந்து நிமிடம் மூடியில்லாமல். பிறகு அடுப்பை அணைத்து, மூடி, பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். இதை முதலில் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். இறக்கியதும் பரிமாறினால் சாறு நீர்த்து ஓடுகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் பார்லி அதைக் குடித்து, கரண்டியில் திரண்டு நிற்கிறது. பசித்த குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். தட்டு எடுத்து வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குப் போக வேண்டும். ஆழமான சட்டியோடு வைக்காமல் அகலமான டப்பாவில் பரப்பி, சீக்கிரம் குளிரும்படி. வெந்த தானியத்தில் வளரும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தும் சாவதில்லை. வெளியே வைத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. மறுநாள் பார்க்கும்போது பார்லி மிச்சச் சாற்றையெல்லாம் குடித்து, ஜெலட்டினும் சேர்ந்து, டப்பாவின் வடிவத்திலேயே கட்டியாகி நிற்கும். பயப்பட வேண்டாம். அரை கப் தண்ணீர் விட்டு ஆவி பறக்கச் சூடாக்கினால் இளகிவிடும். அப்பாவுக்கு இந்த இரண்டாம் நாள் பதம்தான் பிடித்திருக்கிறது. அவர் தட்டோரத்தில் இப்போது பிரிஞ்சி இலை மட்டும்தான் கிடக்கிறது.

பாத்திரம் விஷயத்தில் மட்டும் என் கணக்கு பலிக்கவில்லை. பார்லியின் பசை காய்ந்தால் கோந்து மாதிரி. பரிமாறியதும் சட்டியில் சுடுநீர் ஊற்றி வைத்தால் அரை மணியில் கழன்று வரும். அடிப்பிடித்த நாளில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவும் விட வேண்டும். மறந்துவிட்டுத் தூங்கினால், ஒரே பாத்திரம்தான், ஆனால் மூன்று பாத்திரம் தேய்க்கும் நேரம். நேற்று மறந்துவிட்டேன்.